ஸ்டெயின்லெஸ் 1911-இல் பாதியில் நின்ற குண்டு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

டெக்சஸில் ஹூஸ்டனுக்கு வெளியே இருக்கும் ஒரு கிளப்பின் திறந்தவெளி ரேஞ்சில், அதாவது துப்பாக்கி சுடும் மைதானத்தில், ஒரு பிஸ்டலின் குழலுக்குள் குண்டு பாதியில் சிக்கிய சம்பவம் இது. யாருக்கும் அடிபடவில்லை, துப்பாக்கியும் உடையவில்லை. ஆனால் இன்னும் ஒரு நொடி போயிருந்தால் இரண்டுமே நடந்திருக்கலாம். அந்த நிலைமை எப்படி உருவானது என்று முழுசாக எழுதி வைப்பது நல்லது, ஏனென்றால் அதற்குக் காரணமான பழக்கம் ரேஞ்சுக்கு வரும் பல பேரிடம் இருக்கிறது. அன்று சுடுகோட்டில் பாதுகாப்பு மேற்பார்வை என் பொறுப்பு. சம்பந்தப்பட்டவர் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். அவர் பெயரும் வேண்டாம், துப்பாக்கி செய்த கம்பெனியின் பெயரும் வேண்டாம், கம்பெனி மேல் தவறு எதுவும் இல்லை.

அவர் அறுபதைத் தாண்டியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, காகித டார்கெட்டில் நிதானமாகக் குறிபார்த்துச் சுடுவதை ஒழுங்காகக் கற்க ஆரம்பித்தவர். அதற்காக வாங்கியது முழு அளவு 1911 பிஸ்டல்: 5 அங்குல பேரல் (குழல்), .45 ஏசிபி தோட்டா, ஃபிரேம் (கைப்பிடியோடு சேர்ந்த உடல்), ஸ்லைடு (அதன் மேல் முன்னும் பின்னும் ஓடும் பாகம்) இரண்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஜான் பிரவுனிங் வடிவமைத்து, 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட அதே அமைப்புதான். 1985-இல் பெரெட்டாவின் 9 மி.மீ. பிஸ்டல் தேர்வாகும் வரை ராணுவத்தின் நிலையான கைத்துப்பாக்கியாக இருந்தது இது. பழம்பெருமைக்காக மட்டும் யாரும் இதை ரேஞ்சுக்கு எடுத்து வருவதில்லை. தோட்டா இல்லாமலே ஒரு கிலோவுக்கு மேல் எடை, அதனால் .45-இன் உதைப்பு கையை அடிக்காமல் தள்ளுகிறது. டிரிகர் கீல் மாதிரி சுழலாமல் நேராகப் பின்னால் நகர்கிறது, இழுப்பும் குறைவு, குறி கலையாமல் சுடலாம். ஸ்டெயின்லெஸ் எடுத்ததற்கும் அவரிடம் நல்ல காரணம் இருந்தது. வளைகுடாக் கரையின் ஈரக் காற்றிலும் கை வியர்வையிலும் கறுப்புப் பூச்சுள்ள சாதா எஃகு வெகு சீக்கிரம் துருப் புள்ளி காட்டிவிடும்.

.45 தோட்டா விலை அதிகம். அதனால் சுட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி, புது பிரைமரும் (அடி விழுந்ததும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) வெடிமருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே தோட்டா செய்துகொள்வதை, அதாவது ரீலோடிங்கை, அவரும் தொடங்கியிருந்தார். கைப்பிடியை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் எல்லாக் கூடுகளும் ஒரு நிலையம், அதாவது அடுத்த வேலை நடக்கும் இடத்துக்கு, நகரும் வகை பிரெஸ் அவருடையது. பூச்சுப் போட்ட ஈயக் குண்டுகள், 230 கிரெயின் எடை, அதாவது 15 கிராம் போல. சொந்த உபயோகத்துக்கு இதைச் செய்ய அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை இல்லை, லட்சக்கணக்கானவர்கள் செய்கிறார்கள், கவனமாகச் செய்தால் நல்ல தோட்டா வரும்.

சம்பவத்துக்கு முன் கவனித்தது

புதுத் துப்பாக்கி வந்ததிலிருந்தே அதில் ஒரு தொல்லை இருந்தது. சுட்டதும் ஸ்லைடு பின்னால் போகும், கூட்டை வெளியே எறியும், அடுத்த தோட்டாவைக் கைப்பிடிக்குள் இருக்கும் தோட்டாப் பெட்டியான மேகசினிலிருந்து எடுத்துக்கொண்டு முன்னால் வரும், ஆனால் முழுசாக மூடாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிடும். ஒரு மேகசினுக்கு ஒரு தடவையாவது இது நடக்கும். அவர் கண்டுபிடித்த வைத்தியம், இடது உள்ளங்கையால் ஸ்லைடின் பின்புறத்தில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவது. ஸ்லைடு மூடிக்கொள்ளும், அவர் சுட்டுக்கொண்டே இருப்பார். கொஞ்ச நாளில் அந்தத் தட்டு அவருடைய சுடும் தாளத்திலேயே சேர்ந்துவிட்டது. நின்ற ஸ்லைடைப் பார்த்து யோசிப்பது போய், கை தானாக எழும் அளவுக்கு.

பக்கத்தில் சுடுபவர்கள் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மணிக்கட்டைத் தளர்த்திப் பிடிக்கிறீர்கள் என்றார் ஒருவர். புதுசு, ஐந்நூறு தோட்டா போனால் பழகிவிடும் என்றார் இன்னொருவர். தோட்டா ஏறி வரும் சரிவைச் சின்ன மோட்டாரில் பஃப் வைத்துப் பளபளப்பாகத் தேய்த்துவிடுங்கள் என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஸ்லைடை முன்னால் தள்ளும் 16 பவுண்ட் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு 18.5 போடுங்கள் என்றும் ஒரு யோசனை. இத்தனை பேரில் அந்த உள்ளங்கைத் தட்டை நிறுத்தச் சொன்னவர் யாரும் இல்லை. அதை யாரும் கோளாறாகவே பார்க்கவில்லை.

இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். தினமும் காரணமில்லாமல் குரைக்கிற நாய் திருடன் வந்த ராத்திரி குரைத்தாலும் யாரும் எழுந்து பார்க்க மாட்டார்கள். துப்பாக்கியிலும் அப்படித்தான். ஆபத்தில்லாத ஒரு கோளாறோடு சமாதானமாகிவிட்டால், ஆபத்தான கோளாறு அதே உருவத்தில் வரும்போது பிரித்துப் பார்க்கும் கண் போய்விடுகிறது.

அன்று நடந்தது

வார நாள், காலை நேரம், சுடுகோட்டில் ஐந்தாறு பேர். இவருக்கு இடது பக்கத்துப் பாதையில் இருந்தவர் அப்போதுதான் தன் துப்பாக்கியைக் காலி செய்து மேஜையில் வைத்துவிட்டு டார்கெட்டை தூரக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால்தான் அவர் காதில் அது விழுந்தது. வழக்கமான வெடிக்குப் பதிலாக "டப்" என்று ஒரு மந்தமான சத்தம்.

சுட்டவருக்கு அந்தச் சத்தம் கேட்கவே இல்லை. காதுக்குள் நுரை அடைப்பான், அதற்கு மேல் காதுமூடி என்று இரண்டும் போட்டிருந்தார். அப்படிப் போடுவது சரிதான், .45 சுடும் இடத்தில் காதைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் அந்த நிலையில் சத்தத்தை வைத்து வித்தியாசம் கண்டுபிடிப்பதை எதிர்பார்க்க முடியாது, கையில் உதைப்பு வரவில்லை என்பதுதான் ஒரே அடையாளம். உதைப்பு வரவில்லை என்று உணர்ந்ததாகத்தான் அவரும் பிறகு சொன்னார். ஏதோ பிரைமர் வெடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து ஸ்லைடை இழுத்து விட்டார். கூடு ஒன்று வெளியே விழுந்தது, அடுத்த தோட்டா உள்ளே போனது, ஸ்லைடு ஒன்றரை மில்லிமீட்டர் போல முன்னாலேயே நின்றது. அவர் இடது உள்ளங்கை மேலே எழுந்தது.

பக்கத்துப் பாதைக்காரர் "நிறுத்துங்க!" என்று கத்தினார். நான் ரேஞ்ச் முழுவதற்கும் சுடுவதை நிறுத்தும் கட்டளை கொடுத்தேன். தட்டு விழவில்லை.

உள்ளே நடந்திருந்தது இதுதான். அந்தத் தோட்டாவில் வெடிமருந்தே இல்லை. பிரைமர் மட்டும் வெடித்தது. பிரைமருக்குத் தனியாகவே குண்டைக் கூட்டிலிருந்து கழற்றிப் பேரலுக்குள் தள்ளும் அளவு சக்தி உண்டு, வெளியே அனுப்பும் அளவு கிடையாது. இப்படிப் பாதியில் நிற்பதைத்தான் ஸ்குவிப் என்கிறார்கள். குண்டு ஒன்றரை சென்டிமீட்டர், அதாவது தன் நீளத்தைவிடக் கொஞ்சம் குறைவாக, நகர்ந்து பேரலின் வரிப்பள்ளங்களில் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. பின்னால் வந்த தோட்டாவின் மூக்கு அதன் அடியில் போய் முட்டியது. அதனால்தான் ஸ்லைடு மூடவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அவருடைய துப்பாக்கி தினமும் செய்கிற அதே காரியம்.

தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டாவது தோட்டாவின் குண்டு கூட்டுக்குள் இன்னும் ஆழமாக அழுந்தி ஸ்லைடு மூடியிருக்கும். ஸ்லைடு மூடாவிட்டால் டிஸ்கனெக்டர் டிரிகரைத் துண்டித்துவிடும் என்று 1911 வைத்திருப்பவர்கள் தைரியமாக இருப்பதுண்டு. கடைசி ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் அதை நம்பக் கூடாது, தட்டி மூடிய பிறகு அது தடுக்கப்போவதும் இல்லை. .45 ஏசிபிக்கு அமெரிக்கத் தொழில் தரம் வைத்திருக்கும் அதிகபட்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்ட், 9 மி.மீ.க்கு 35,000. .45 மென்மையான தோட்டா என்று பேர் வாங்கியது இதனால்தான். ஆனால் குண்டு உள்ளே அழுந்தினால் மருந்து எரியும் இடம் சுருங்கி அழுத்தம் ஏறும், அதோடு முன்னால் ஒரு அடைப்பும் இருக்கிறது. பேரல் வீங்கலாம், கூட்டின் சுவர் கிழிந்து வாயு மேகசின் வழியாகக் கீழே வந்து கைப்பிடியைப் பிளக்கலாம். பிடித்திருக்கும் கை அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். குண்டு இன்னும் ஒரு சென்டிமீட்டர் முன்னால் போய் நின்றிருந்தால் அடுத்த தோட்டா எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போய் ஸ்லைடு அழகாக மூடியிருக்கும். எச்சரிக்கை என்று எதுவுமே இருந்திருக்காது. அவருக்கு அன்று ஒரு எச்சரிக்கையாவது கிடைத்தது.

உடனே எடுத்த முடிவுகள்

எல்லோரும் துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டுக் கோட்டுக்குப் பின்னால் வரச் சொன்னேன். ஒரு ஆளின் பிரச்சினைக்கு எல்லோரையும் ஏன் நிறுத்த வேண்டும் என்று ஒருவர் கேட்டார். இதைச் சரிசெய்யும்போது இரண்டு பேர் ஒரு துப்பாக்கியின் மேல் குனிந்திருப்போம், பக்கத்தில் வெடித்துக்கொண்டிருந்தால் கவனமும் சிதறும், பேசுவதும் கேட்காது. அதனால்தான்.

குழல்வாய் டார்கெட் பக்கமே இருக்க, விரல் டிரிகருக்கு வெளியே இருக்க, முதலில் மேகசினைக் கழற்றினார். பிறகு ஸ்லைடை மெதுவாக இழுத்தார். தோட்டா முழுசாக வெளியே வந்தது. அதன் குண்டு மற்றதைவிடச் சற்று உள்ளே அழுந்தியிருந்தது கண்ணுக்கே தெரிந்தது, ஸ்லைடு ஸ்பிரிங்கின் வேகத்தில் முட்டியதே அதற்குப் போதுமாக இருந்திருக்கிறது. அந்தத் தோட்டாவைத் தனியாக எடுத்து வைத்தோம்.

சிக்கிய குண்டை அங்கேயே, பேரலைத் துப்பாக்கியில் வைத்தபடியே, கம்பியை விட்டு அடித்து எடுத்துவிடலாம் என்று ஒருவர் முன்வந்தார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அடித்தால் அடி முழுவதும் ஸ்லைடு பூட்டும் பகுதிகளில் விழும். 1911-ஐக் கழற்ற ஐந்து நிமிஷம் போதும், அவசரம் ஏதும் இல்லை. மேஜைக்கு எடுத்துப்போய் ஸ்லைடைக் கழற்றி பேரலைத் தனியாக எடுத்தோம். குண்டு சேம்பர் (பேரலின் பின்னால் தோட்டா உட்காரும் இடம்) பக்கம் நெருக்கமாக இருந்ததால், குழல்வாய் வழியாகப் பித்தளைக் கம்பியை விட்டு, கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊறவைத்து, வந்த வழியே பின்னுக்குத் தட்டினோம். மரக்குச்சி வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம், அது பேரலுக்குள் நீளவாக்கில் பிளந்து ஆப்பு மாதிரி இறுகிவிடும், அப்புறம் குண்டோடு குச்சியையும் எடுக்க வேண்டியிருக்கும். எஃகுக் கம்பி வரிகளைக் கீறும். பித்தளை பேரலைவிட மென்மையானது.

குண்டு சுலபமாக வந்துவிட்டது. பேரலின் உள்ளேயும் கீழே விழுந்த கூட்டிலும் எரியாத மருந்துத் துகள் ஒன்றுகூட இல்லை, பிரைமர் கரி மட்டும்தான். மருந்து இருந்து எரியாமல் போயிருந்தால் துகள்கள் கொட்டிக் கிடக்கும். எனவே மருந்தே போடப்படவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. பேரலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்ததில் வீக்கத்தைக் காட்டும் கறுப்பு வளையம் எதுவும் இல்லை.

மிச்சத் தோட்டாக்கள்

அந்தப் பெட்டியில் இன்னும் நிறையத் தோட்டாக்கள் இருந்தன, வீட்டில் அதே நாளில் செய்த வேறு பெட்டிகளும் இருந்தன. தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தி, எடை குறைந்ததை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதைச் சுடலாம் என்பது அவருடைய முதல் எண்ணம். கேட்க நியாயமாக இருக்கும். கணக்கு ஒத்துவராது. அவர் போடும் மருந்தின் எடை ஐந்து கிரெயின் சொச்சம். அவர் பொறுக்கிய கூடுகள் பல கம்பெனிகளுடையவை, கம்பெனிக்குக் கம்பெனி சில கிரெயின்கள் வித்தியாசப்படும். வார்ப்புக் குண்டுகளும் ஒன்று போல இன்னொன்று இருக்காது. கனமான கூடும் கனமான குண்டும் சேர்ந்த, மருந்தே இல்லாத தோட்டா, எல்லாம் சரியாக இருக்கும் லேசான தோட்டாவின் எடைக்கே வந்துவிடும்.

ஆகவே எல்லாவற்றையும் பிரித்தார். சுத்தியல் வடிவப் பிளாஸ்டிக் கருவியில் தோட்டாவை மாட்டித் தரையில் தட்டினால் குண்டும் மருந்தும் கழன்று கருவியின் உள்ளீடற்ற தலைக்குள் விழும். தோள்வலி வரும் வேலை. பிரித்ததில் இன்னொரு தோட்டாவிலும் மருந்து இல்லை. அதோடு விஷயம் தெளிவாகிவிட்டது. அன்று பிரைமர் ஊட்டும் குழாயில் ஒன்று மாட்டிக்கொண்டதால் பிரெஸ்ஸைப் பாதியில் நிறுத்தி, நிலையங்களில் இருந்த கூடுகளைக் கழற்றிவிட்டு, சரிசெய்த பிறகு ஞாபகத்தில் இருந்தபடி திரும்ப வைத்தது அவருக்கு நினைவு வந்தது. இரண்டு கூடுகளை மருந்து விழும் நிலையத்தைத் தாண்டி வைத்திருக்கிறார். குண்டு வைக்கும் முன் கூட்டுக்குள் எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், ஆனால் விளக்கு தலைக்குப் பின்னால் இருந்ததால் கூட்டின் உள்ளே எப்போதும் நிழல்.

பழைய கோளாறு

இவ்வளவுக்கும் பிறகு அந்த ஸ்லைடு மூடாத தொல்லையைக் கண்டுபிடிக்காமல் விடக் கூடாது என்று முடிவு செய்தோம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும், உலோகத்தைத் தேய்ப்பது கடைசி என்பது ஏற்பாடு. சரிவைத் தேய்க்கும் யோசனையை நான் ஆரம்பத்திலேயே எதிர்த்தேன். 1911-இல் ஃபிரேமின் சரிவுக்கும் பேரலின் கீழ் விளிம்புக்கும் நடுவே 1/32 அங்குலம், அதாவது 0.8 மி.மீ. போல, ஒரு சின்னப் படி இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து வழவழப்பாகத் தேய்ப்பவர்கள் அந்தப் படியை அழித்துவிடுகிறார்கள், அப்புறம் தோட்டாவின் மூக்கு பேரலில்தான் முட்டும். தேய்த்த உலோகம் திரும்ப வராது.

முதலில் எண்ணெய். ஸ்டெயின்லெஸ் என்பதால் எண்ணெய் தேவையில்லை என்று நினைத்து அவர் துப்பாக்கியை முழுக்க உலர்வாக வைத்திருந்தார். துருவுக்கு அந்த நினைப்பு ஓரளவு சரி, உரசலுக்கு நேர் எதிர். ஒரே மாதிரி ஸ்டெயின்லெஸ் பரப்புகள் அழுத்தத்தில் உரசும்போது ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்த்துக்கொள்ளும் குணம் உண்டு. 1970-களில் வந்த ஆரம்பகால ஸ்டெயின்லெஸ் பிஸ்டல்கள் இதனால் கெட்ட பேர் வாங்கின. இன்றைக்குக் கம்பெனிகள் ஸ்லைடுக்கும் ஃபிரேமுக்கும் வேறு வேறு கலவையோ கடினத்தன்மையோ வைத்து இதைப் பெருமளவு சரிசெய்துவிட்டன, ஆனாலும் எண்ணெய் வேண்டும். ஓட்டப்பள்ளங்களிலும் பேரலின் வெளிப்புறத்திலும் எண்ணெய் போட்டதும் தொல்லை பாதியாகக் குறைந்தது.

அடுத்து கடையில் வாங்கிய 230 கிரெயின் தோட்டா. ஒருமுறைகூட நிற்கவில்லை. அப்படியானால் மிச்சக் காரணம் அவர் தோட்டாவில் இருக்கிறது. பேரலைக் கழற்றி நிமிர்த்திப் பிடித்து, வேறு நாளில் செய்து பிரிக்காமல் வைத்திருந்த பழைய தோட்டாக்களை ஒவ்வொன்றாக சேம்பருக்குள் போட்டுப் பார்த்தோம். நல்ல தோட்டா "டக்" என்று விழுந்து, கவிழ்த்தால் தானே வெளியே வரும். அவருடையவற்றில் பல பாதியில் மாட்டிக்கொண்டு நின்றன. குண்டு வைப்பதற்காகக் கூட்டின் வாயைக் கொஞ்சம் விரிக்கிறோமே, அதைக் கடைசியில் திரும்ப ஒடுக்க வேண்டும். .45-க்கு வாயில் 0.473 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. அவருடையது 0.476 வரை இருந்தது. கூட்டின் வாயை ஒடுக்கும் டையை (அச்சை) இறக்கி 0.471-க்குக் கொண்டு வந்தார். எக்ஸ்ட்ராக்டரின் (கூட்டைப் பிடித்து வெளியே இழுக்கும் கொக்கியின்) இறுக்கம், மேகசின், ஸ்பிரிங் எல்லாம் சரியாகவே இருந்தன. எதையும் மாற்றவில்லை.

அதற்குப் பிறகு

அவர் ரீலோடிங்கை விடவில்லை. பிரெஸ்ஸின் மேலேயே ஒரு சின்ன எல்இடி விளக்கு வைத்தார், ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பார்த்துவிட்டுத்தான் குண்டு வைக்கிறார். நடுவில் எது மாட்டினாலும், நிலையங்களில் உள்ள கூடுகள் எல்லாவற்றையும் காலி செய்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார். துப்பாக்கி இப்போது நிற்காமல் ஓடுகிறது. உள்ளங்கைத் தட்டு போக மட்டும் ரொம்ப நாள் ஆனது, கை பழகிய பழக்கம் மூளை சொல்வதை உடனே கேட்பதில்லை. மேகசினில் இடையிடையே போலித் தோட்டாக்களைக் கலந்து கொடுத்து, துப்பாக்கி நின்றால் கையும் நிற்க வேண்டும் என்று பயிற்சி செய்தார்.

கிளப் கூட்டத்தில் வீட்டில் செய்த தோட்டாக்களைத் தடை செய்யலாமா என்று பேச்சு வந்தது. நான் வேண்டாம் என்றேன், பெரும்பாலானவர்களும் அப்படியே நினைத்தார்கள். தடை போட்டால் ஒளித்துச் சுடுவார்கள், கோளாறு வந்தால் சொல்லவும் மாட்டார்கள். கொண்டு வருபவர்கள் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் முடிவானது.

எதை மாற்ற வேண்டும்

சத்தமோ உதைப்போ வழக்கம் போல இல்லையென்றால், முப்பது வினாடி குழல்வாயை டார்கெட் பக்கமே வைத்திருந்து, பிறகு காலி செய்து, பேரலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த தோட்டா. இதை ஒவ்வொரு மேஜையிலும் ஒட்டிவிட்டோம். வேறு வேறு தோட்டா அளவுகளுக்கான பித்தளைக் கம்பிகள் கிளப் அலமாரியில் இருக்கின்றன. புது மேற்பார்வையாளர்களுக்குச் சொல்லித்தரும்போது ஒரே துப்பாக்கி ஒரே மாதிரி திரும்பத் திரும்ப நின்றால் அன்றைக்கே போய்ப் பேச வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறோம்.

இன்னும் மாறாத ஒன்று இருக்கிறது. தற்காப்பு வகுப்புகளில் துப்பாக்கி நின்றால் மேகசினைத் தட்டு, ஸ்லைடை இழு, உடனே சுடு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தான நேரத்துக்கு அது சரியான பாடம். அதே பாடத்தோடு காகிதத்தில் சுட வருபவர்களிடம், இங்கே யாரும் துரத்தவில்லை, நின்றால் நிறுத்துங்கள் என்று முதல் நாளே சொல்ல வேண்டும். எங்கள் அறிமுக வகுப்பில் இதற்கென்று பத்து நிமிஷம் ஒதுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் அது முடிவாகும்.